அலமாரியில் உறங்கும் காதுக்கருவி

நம்மவர் வீடுகள் சிலவற்றில் அலமாரித் தட்டிலிருக்கும் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தால், மின்கட்டண ரசீது, காலாவதியான மருந்துச் சீட்டு, ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடி ஆகியவற்றோடு இன்னொரு பொருளும் கிடக்கும். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வாங்கிய காதுக்கருவிதான் அது. "ஏன் இதைப் போடுவதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். "அது கெட்டுப் போச்சுங்க" என்று உடனே பதில் வரும்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்தக் கருவி மெய்யாகவே கெட்டுவிட்டதா? பல சமயங்களில் இல்லை. துவாரத்தில் காதுக் குறும்பி அடைத்திருக்கும். குழாயில் ஒரு சொட்டு நீர் நின்றிருக்கும். அல்லது பேட்டரி தீர்ந்திருக்கும். ஐந்து நிமிட வேலையில் சரியாகக்கூடியதைக் கெட்டதென்று சொல்லி மூடி வைத்துவிடுகிறோம். நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. கருவி டின்னுக்குள் போன நாளிலிருந்து அந்தப் பெரியவரும் வீட்டுப் பேச்சிலிருந்து விலகிப் போகிறார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலும் தலையாட்டுகிறார், பேத்தி பரீட்சையில் தேறிவிட்டாள் என்று சொன்னாலும் அதே தலையாட்டல்தான்.

நன்றாகப் பராமரித்தால் ஒரு காதுக்கருவி சுமார் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். அதற்கு மேலும் உழைப்பதுண்டு. கவனிப்பாரற்றுக் கிடந்தால் அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடும். இந்த வேறுபாடு நம் வீட்டுப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

கேள்விக் குறைவு யாருக்கு?

நமது பேராக் மாநிலத்தில் இரைச்சலோடு வாழ்ந்து உழைத்தவர்கள் ஏராளம். தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் ஈயம் தோண்டும் கப்பலைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1938-இல் கட்டப்பட்ட அது, 1982 வரை இரும்பு வாளிகளைச் சுழற்றி மண்ணை அள்ளியது. தோட்டத்து ரப்பர்த் தொழிற்சாலைகளில் பாலைத் தகடாக்கும் உருளைகள் ஓயாமல் ஓடின. பிற்காலத்தில் முதுகில் சுமக்கும் புல்வெட்டும் மிசின் வந்தது. அக்காலத்தில் காதுக்கு அடைப்பான் கொடுத்தவர் யார்? கேட்டவர்தான் யார்?

இன்று நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் பாதுகாப்பு விதிமுறைகள் உள்ளன. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது எல்லை. ஆனால், ஒருமுறை இழந்த கேள்வி நரம்பைச் சட்டத்தால் மீட்டுத்தர முடியாது. இரைச்சலில் உழைக்காதவர்களையும் முதுமை விடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் அன்றாட வாழ்வைத் தடுக்கும் அளவுக்குக் கேள்விக் குறைவு உள்ளது. ஆனால், காதுக்கருவியால் பயன்பெறக் கூடியவர்களில் அதை அணிபவர்கள் உலக அளவில் நூற்றுக்கு 17 பேர்தான். அந்தப் பதினேழு பேரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பு பெற்றவரின் கருவி பிஸ்கட் டின்னில் கிடப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

கருவியின் உள்ளே என்ன இருக்கிறது?

காதுக்கருவி வேலை செய்யும் விதம் எளிது. வெளிச் சத்தத்தை வாங்க ஒரு மைக். அதைப் பெருக்க ஒரு சில்லு. பெருக்கிய சத்தத்தைக் காதுக்குள் செலுத்த ஒரு சிறு ஒலிபெருக்கி. இவற்றுக்கு உயிரூட்ட ஒரு பேட்டரி. அவ்வளவுதான்.

முன்பெல்லாம் சட்டைப்பையில் தீப்பெட்டிபோல ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து காதுக்குக் கம்பி போகும் வகைக் கருவியைப் பெரியவர்கள் அணிந்ததை நம்மில் சிலர் பார்த்திருப்போம். இன்றைய கருவியோ காதின் பின்னால் அவரைக்கொட்டை அளவில் ஒளிந்துகொள்கிறது. அளவு சுருங்கியதால் துவாரங்களும் ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டன. ஒரு துளி வியர்வை போதும், மைக் அடைபட. ஒரு துணுக்குக் குறும்பி போதும், ஒலி நின்றுபோக.

முதல் எதிரி: ஈரம்

நாம் வாழ்வது ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடு. தைப்பிங் வாசிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் அது ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. மழை போதாதென்று வியர்வை வேறு. குளிர்சாதனக் கடையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதல்லவா? அதே ஆவி கருவியின் குழாய்க்குள்ளும் படியும்.

இதற்குச் செய்ய வேண்டியவை இவை.

இரவில் கழற்றியதும் மெல்லிய உலர்ந்த துணியால் கருவியைத் துடையுங்கள். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, அதன் கதவைத் திறந்தபடியே வையுங்கள். உள்ளே தங்கிய ஈரம் வெளியேற இதுவே முதல் வழி.

பிறகு கருவியை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். சிலிக்கா ஜெல் எனப்படும் மணிகள் போட்ட மூடியுள்ள டப்பா காதுக்கருவிக் கடைகளில் கிடைக்கும். மணிகளின் நிறம் மாறிவிட்டால் அவை ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். அட்டையில் சொல்லியிருப்பதுபோல் உலர்த்தவோ மாற்றவோ வேண்டும். பேட்டரியை அந்த டப்பாவில் போடக்கூடாது. அது வறண்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது சிலர் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். அரிசி சிலிக்கா ஜெல்லைப்போல் ஈரத்தை இழுக்காது. தவிட்டுத் தூள் துவாரத்தை அடைப்பதே மிச்சம். வெயிலில் காயவைப்பது, அடுப்பின் அருகே வைப்பது, முடி உலர்த்தும் மிசினால் ஊதுவது ஆகிய மூன்றும் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் வளையும்; உள்ளிருக்கும் உறுப்புகளும் கெடும். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளேயும் கருவியை விட்டுச் செல்லாதீர்கள்.

"எங்கள் கருவி தண்ணீர் புகாத ரகம், ஐபி 68 என்று போட்டிருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். அந்த எண் சுத்தமான தண்ணீரில் சோதித்துக் கொடுக்கப்படுவது. சவர்க்காரமும் எண்ணெயும் உப்பு வியர்வையும் வேறு கதை. குளிக்கும்போது கழற்றியே ஆகவேண்டும்.

இரண்டாம் எதிரி: குறும்பி

பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மங்கைத் துடைக்காமல் மரத்தில் மாட்டினால் பால் கெட்டுவிடும். காதுக்கருவியும் அப்படித்தான். தினமும் துடைத்தால்தான் தினமும் உழைக்கும்.

காதின் பின்புறம் மாட்டும் கருவியாக இருந்து, அதிலிருந்து தெளிவான குழாய் வழியாகக் காது அச்சு பொருந்தியிருந்தால், அச்சை வாரத்துக்கு ஒருமுறை கழுவலாம். முதலில் குழாயோடு அச்சைக் கருவியிலிருந்து பிரித்துவிடுங்கள். இதை மறக்கலாகாது! வெதுவெதுப்பான நீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து அச்சை மட்டும் கழுவி, குழாய்க்குள் நிற்கும் நீரை ஊதுபந்தால் வெளியேற்றி, இரவு முழுவதும் காயவிட்டுக் காலையில் பொருத்துங்கள். ஸ்பிரிட், டெட்டால் போன்றவற்றைத் தொடவே வேண்டாம். அவை அச்சை வெடிக்கச் செய்யும்.

அந்தக் குழாயும் நிரந்தரமானதல்ல. சில மாதங்களில் மஞ்சளித்து விறைத்துப் போகும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது நல்லது. குழாய் விறைத்ததைக் கவனிக்காமல் கருவியே கெட்டதாக முடிவு கட்டியவர்கள் பலர்.

ஒலிபெருக்கியே காதுக்குள் போகும் மெல்லிய கம்பி வகையாக இருந்தால், நுனியில் குறும்பி வடிகட்டி ஒன்று இருக்கும். அது கடுகளவு வெள்ளை மூடி. அது அடைபட்டால் சத்தம் நின்றுவிடும். கருவியோடு கொடுத்த குச்சியால் பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்த வேண்டும். இவ்வகைக் கருவியில் நீர் படவே கூடாது. எந்த வகையானாலும் ஊசி, கொண்டை ஊசி, தீக்குச்சி ஆகியவற்றால் துவாரத்தைக் குத்தாதீர்கள். கருவியோடு வரும் சிறு தூரிகையால், துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துலக்கினால் அழுக்கு உள்ளே போகாமல் வெளியே உதிரும்.

எண்ணெயும் பவுடரும்

நமது குடும்பங்களில் தலைக்குத் தேங்காய் எண்ணெய், முகத்துக்குப் பவுடர் என்பது காலங்காலமான வழக்கம். அதை விட வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். எண்ணெய், பவுடர், வாசனைத் திரவியம் எல்லாம் முடிந்து, கையைக் கழுவித் துடைத்த பிறகு கடைசியாகக் கருவியை மாட்டுங்கள். இரவில் முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள். "கடைசியில் மாட்டு, முதலில் கழற்று" என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முடிதிருத்தும் கடையில் நாற்காலியில் அமர்வதற்கு முன் கழற்றி டப்பாவில் வையுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றும்போது கவனம் தேவை. கருவி அதோடு தெறித்துச் சாலையோரக் கால்வாயில் விழுந்துவிடும். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் அறைக்குள் கருவியோடு போகவே கூடாது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகிறீர்களா? வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையும், கருவியை வைக்க ஒரு டப்பாவும் எடுத்துச் செல்லுங்கள்.

பேட்டரி ரகசியம்

காதுக்கருவிப் பேட்டரியின் அளவை நிறத்தால் அடையாளம் காணலாம். 10-ஆம் எண்ணுக்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். எந்த நிறுவனத்தின் பேட்டரியானாலும் இந்த நிற முறை ஒன்றுதான். படிக்கத் தெரியாத பாட்டியும் "பழுப்பு ஸ்டிக்கர் வாங்கிட்டு வா" என்று பேரனிடம் சொல்லிவிடலாம்.

அந்த ஸ்டிக்கர் வெறும் அலங்காரமல்ல. இப்பேட்டரியின் உள்ளே துத்தநாகம் இருக்கிறது. காற்று பட்டதும் அது உயிர் பெறும். ஸ்டிக்கரை உரித்த பின் ஒரு நிமிடமாவது காற்றில் வைத்துவிட்டுப் பிறகே கருவியில் போட வேண்டும். உரித்த ஸ்டிக்கரை மீண்டும் ஒட்டினால் பேட்டரி உறங்கிவிடும் என்று எண்ணாதீர்கள், உரித்தது உரித்ததுதான். ஆகவே, தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். சிறிய அளவுகள் சில நாட்களிலிருந்து பத்து நாட்கள் வரை வரும். பெரிய 675 இரண்டு வாரத்துக்கு மேலும் வரலாம். குளிர்பெட்டியில் வைப்பதால் ஆயுள் கூடாது, ஈரம்தான் படியும். சாவி, சில்லறைக் காசோடு ஒரே பையில் போட்டால் மின்சாரம் கசிந்து தீர்ந்துவிடும்.

தாய்மார்களே, ஓர் எச்சரிக்கை. இந்தப் பொத்தான் பேட்டரி மிட்டாய்போல் பளபளக்கும். குழந்தை விழுங்கிவிட்டால், அல்லது மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பெரியவர்கள் மாத்திரை என்று நினைத்து விழுங்குவதும் உண்டு. மாத்திரை டப்பாவும் பேட்டரியும் ஒரே தட்டில் இருக்கலாகாது. வீட்டில் நாய் இருந்தால் கருவியை உயரத்தில் வையுங்கள். மனிதக் காதின் வாசனைக்காக நாய் அதைக் கடித்துக் குதறிவிடும்.

மின்னேற்றம் செய்யும் புதுவகைக் கருவிகளில் பேட்டரியை மாற்றும் தொல்லை இல்லை. ஆனால், ஒவ்வொரு இரவும் துடைத்துவிட்டு அதன் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் மின்தொடும் முனைகள் துருவேறும்.

"கெட்டது" என்று சொல்வதற்கு முன்

இவற்றை வரிசையாகச் சோதித்துப் பாருங்கள்.

1. புதிய பேட்டரி போட்டுப் பார்த்தீர்களா? சரியான பக்கம் மேலே இருக்கிறதா?

2. கருவி இயக்கத்தில் உள்ளதா? ஒலி அளவு குறைந்து கிடக்கிறதா?

3. குழாயில் நீர்த்துளி அல்லது வெடிப்பு உள்ளதா?

4. நுனியில் குறும்பி அடைத்துள்ளதா? வடிகட்டியை மாற்றினீர்களா?

5. காதுக்குள்ளேயே குறும்பி அடைத்துள்ளதா? இதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பஞ்சுக்குச்சியால் நீங்கள் தோண்டினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

கருவியை உள்ளங்கையில் மூடிப் பிடித்துப் பாருங்கள். பலவகைக் கருவிகள் "கீச்" என்று விசிலடிக்கும். அப்படி அடித்தால் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால், காதில் போட்டிருக்கும்போதே விசிலடித்தால் அச்சு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி இருக்கிறது என்று கொள்ள வேண்டும். உடல் மெலிந்த பெரியவர்களுக்கு அச்சு தளர்ந்துவிடும். புதிய அச்சு எடுத்தால் தீர்ந்தது.

இந்த ஐந்தும் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லையானால் மட்டுமே வாங்கிய இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் திருப்புளியால் திறக்க வேண்டாம்.

இது யாருடைய வேலை?

இங்குதான் நாம் தவறிவிடுகிறோம். கருவியை வாங்கிக் கொடுத்ததோடு பிள்ளைகளின் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். எழுபது வயதுத் தாத்தாவின் விரல் நடுங்குகிறது, கண் மங்கல். கடுகளவு வடிகட்டியை அவர் எப்படி மாற்றுவார்? பேட்டரியின் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று எப்படிக் காண்பார்? காதுக்கருவியைப் பேணுவது அணிபவர் ஒருவரின் வேலையல்ல, வீட்டாரின் வேலை.

என்னிடம் ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவி இதை அழகாகச் செய்தாள். தோட்டம் மூடப்பட்டதும் அவள் குடும்பம் தாமான் வீட்டுக்குக் குடியேறியிருந்தது. ஒவ்வோர் இரவும் பாடம் எழுதி முடித்ததும் தாத்தாவின் கருவியை வாங்கித் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து டப்பாவில் வைப்பாள். பேட்டரி மாற்றிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பாள். "ஐயா, எங்க தாத்தாவுக்கு எட்டு நாளுக்கு ஒரு பேட்டரி. ஆறு நாள்ல தீர்ந்தா ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சுக்குவேன்" என்றாள். கண் தெரியும், விரல் நடுங்காது, சொன்னதை மறக்காது. ஒரு பத்து வயதுப் பிள்ளையை விடச் சிறந்த பராமரிப்பாளர் வீட்டில் யார்?

கருவி டின்னுக்குள் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகள் மௌனத்தில் இருந்தவருக்குத் திடீரென்று மின்விசிறிச் சத்தம், தட்டுச் சத்தம் எல்லாம் கேட்டால் எரிச்சல் வரும். மூளை பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில் தினமும் சில மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டி நாள் முழுவதும் என்று பழக்குங்கள். வலியோ கூச்சலோ தாளவில்லையென்றால் கருவியைத் திருத்தி அமைக்கக் கொண்டு செல்லுங்கள். அது இலகுவான வேலை. நீங்களும் முதுகுப்புறமிருந்து கத்தாமல், முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள். மறதி நோய்க்குக் காரணமாகி, நம்மால் தடுக்கக் கூடியவை என்று லான்செட் மருத்துவக் குழு 2024-இல் பட்டியலிட்ட 14 காரணங்களில் கேள்விக் குறைவும் ஒன்று என்பதை மறந்துவிடலாகாது.

உதவி எங்கே கிடைக்கும்?

கேள்வி குறைந்தவர் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சென்று கடிதம் பெறலாம். அதைக் கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்துகொள்ள முடியும். மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவு செய்தவர்களில் வருமானம் குறைந்தவர்கள், கருவிக்கான உதவியைச் சமூகநல இலாகாவில் கேட்கலாம். வேலையிட இரைச்சலால் செவி கெடுவது 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில்சார் நோய். சந்தா செலுத்திய தொழிலாளர்கள் சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். அரசாங்க ஓய்வூதியம் பெறுவோர் பொதுச்சேவை இலாகாவிடம் கேட்கலாம். மாற்றுத்திறனாளியாகப் பதிவு பெற்ற பெற்றோருக்குக் கருவி வாங்கித் தரும் பிள்ளைகள் வருமான வரிக் கழிவுக்காக ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

காதில் சீழ், வலி, இரத்தம் இருந்தால் கருவியை மாட்டாமல் மருத்துவரைப் பாருங்கள். நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரென்று கேட்கவில்லையென்றால் அது அவசர நோய். கருவியில் கோளாறு என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில நாட்கள் தாமதித்தாலும் மீட்கும் வாய்ப்பு குறையும்.

இன்றிரவே தொடங்குங்கள். அந்த டின்னைத் திறந்து கருவியை எடுங்கள். துடையுங்கள், அடைப்பைப் பாருங்கள், புதிய பேட்டரி ஒன்று போடுங்கள். பிறகு பெரியவரின் காதில் மாட்டிவிட்டு, எதிரே அமர்ந்து, மெதுவாக அவரை அழையுங்கள். அவர் வெறுமனே தலையாட்டாமல் "என்னப்பா?" என்று திரும்பக் கேட்டால், உங்கள் ஐந்து நிமிடம் வீண் போகவில்லை.